1748இல் புதுச்சேரியில் ஒரு கொலை: அந்தக் காலத்துப் பேச்சை எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இது: 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஊருக்குள் நடக்கும் ஒரு கொலையை வைத்து நீங்கள் துப்பறியும் நாவல் எழுதுகிறீர்கள். பாத்திரங்களைச் செந்தமிழில் பேசவிட்டால் மேடை நாடகம் போல இருக்கிறது. இன்றைய தமிழில் பேசவிட்டால் டிவி சீரியல் போல இருக்கிறது. அந்தக் காலத்துப் பேச்சையும் அன்றாட விவரங்களையும் எங்கிருந்து எடுப்பது? முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பகுதியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காலகட்டத்தில் நானும் பல வருஷம் செலவழித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல சேதி. தமிழில் சரித்திரக் கதை எழுதுகிறவர்களில் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் வேறு யாருக்கும் கிடையாது. சோழர் காலத்தை எழுதுகிறவருக்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் உண்டு. ஆனால் ராஜராஜன் காலத்தில் ஒரு வியாபாரி ராத்திரி வீட்டுக்கு வந்து யாரிடம் என்ன சொன்னான் என்பது எதிலும் இல்லை. உங்களுக்கு அது இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6 தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரைக்கும் எழுதிய நாட்குறிப்பு. துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது பெரிய துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்தவர். துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் எந்த முகத்தோடு பேசினார், யாருக்கு என்ன சகலாத்து (கம்பளித் துணி) வெகுமானம் கிடைத்தது, ஊரில் என்ன வதந்தி ஓடியது என்று எல்லாமே அதில் இருக்கிறது. நீங்கள் எழுதும் முற்றுகை மாதங்களும் இருக்கின்றன.

இதை ஆங்கிலத்தில் படிக்காதீர்கள். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு உழைப்பான வேலைதான். பின்னிணைப்பும் குறிப்புகளும் உபயோகமானவை, சம்பவத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் படித்துவிட்டுத் தமிழில் எழுதினால் ஆங்கிலம் வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த தமிழ்தான் உங்கள் கையில் இருக்கும். அங்கே ‘பியூன்’ என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் ‘பணியாள்’ என்று எழுதுவீர்கள். மூலத்தில் சேவகன். ‘சௌல்ட்ரி’ என்று பார்த்ததும் சத்திரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். புதுச்சேரியில் அது சாவடி, அதாவது ஊர் ஜனங்களின் வழக்கைக் கேட்கும் இடம். உங்கள் கதைக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு முக்கியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கொலை நடந்த மறுநாள் காலையில் சாட்சிகள் வந்து நிற்கப்போகும் இடத்தைச் சத்திரம் என்று எழுதிவிட்டால் அத்தியாயமே வேறு ஊருக்குப் போய்விடும். தமிழ் மூலம் அச்சில் இருக்கிறது. முழுவதும் படிக்க மாதக்கணக்காகும். விபவ வருஷத்து ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதத்தையும் முதலில் படியுங்கள், போதும்.

படிக்கும்போது முதலில் திடுக்கிடவைப்பது அந்தத் தமிழில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான். இங்கிரேசுக்காரர், பிராஞ்சுக்காரர், குவர்னதோர் (கவர்னர்), முசே (ஐயா), கோன்சேல் (ஆலோசனைச் சபை), கப்பித்தான், சொலுதாது (சிப்பாய்). பிரெஞ்சும் போர்ச்சுகீசும் தமிழ் நாக்கில் பட்டு உருண்டு வந்த உருவங்கள் இவை. இன்னொரு பக்கம் ஜவாபு, ரசீது, வக்கீல், ஜமேதார் என்று பாரசீகம் வழியாக நவாபு தர்பாரிலிருந்து வந்தவை. அப்புறம் சமஸ்கிருதம், தெலுங்கு. தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916இல். ஆகவே 1748இல் ஒரு கணக்கப்பிள்ளை ‘அலுவலகம்’, ‘காவல்துறை’ என்று சுத்தமாகப் பேசினால், அது அவன் பேரனுக்குப் பேரன் காலத்துத் தமிழ். பழைய தமிழ் என்றால் தூய தமிழ் என்று நம் எல்லோர் மனசிலும் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பகுதியில் அதிகமாக இடறியதும் அங்கேதான். அந்த உரையாடல்:

“வணக்கம் தலைவரே! ஒரு முக்கியமான தகவல். பத்து நிமிடங்களுக்கு முன்பு வில்லியனூர் வாயில் அருகே காவலர்கள் ஒரு சடலத்தைக் கண்டெடுத்தனர். அவன் சட்டைப்பையில் இந்த ஓலை இருந்தது.”

“நன்றி. நான் உடனே வருகிறேன்.”

இந்த நாலு வரியையும் நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். யாரும் யாருக்கும் சொல்லும் பொது முகமனாக ‘வணக்கம்’ பரவியது 20ஆம் நூற்றாண்டில். அன்றைக்குச் சாதி, மதம், பதவி பார்த்துத்தான் தெண்டன், கும்பிடு, சலாம், ஆசீர்வாதம் எல்லாம். ஒருவன் இன்னொருவனை எப்படிக் கும்பிட்டான் என்பதிலேயே அவன் யார், இவன் யார் என்று தெரிந்துவிடும். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். ‘நன்றி’ என்ற சொல் பழையது. ஆனால் சேதி கொண்டுவந்த ஆளுக்கு எஜமான் வாயால் நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சந்தோஷம் என்றால் ஒரு பணம் கொடுப்பார், பாக்கு வெற்றிலை கொடுப்பார். ‘பத்து நிமிடம்’ என்று கணக்குப் பார்க்க அந்தச் சேவகன் இடுப்பில் கடிகாரம் இல்லை. வெள்ளைக்காரர் மணிக்கணக்கு ஊருக்குள் வந்துவிட்டது, துபாசியும் மணி சொல்வார். சேவகனுக்கு நாழிகை, ஜாமம், ஊர் வாசல் சாத்துகிற நேரம், கோவில் மணி இவைதான் நேரம். ஒரு நாழிகை 24 நிமிஷம், ஒரு ஜாமம் 3 மணி. அவன் மனசில் இருக்கும் மிகச் சின்ன நேரம், ‘ஒரு வெற்றிலை போடும் நேரம்’ மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்.

அப்புறம் அந்தச் சட்டைப்பை. வேட்டி கட்டி, மேலே துப்பட்டி போர்த்திக்கொண்டு போகிற ஆளுக்குப் பை எங்கே? மடியில் இருக்கும், இடுப்பு முடிச்சில் இருக்கும், தலைப்பாகை மடிப்பில் செருகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கதையில் வேறு வேறு பலன் உண்டு. தலைப்பாகையில் இருந்த ஓலை, ஆள் கீழே விழும்போது தள்ளிப் போய் விழும். மடியில் முடிந்த ஓலையை எடுக்க உடம்பைத் தொட வேண்டும். செத்தவன் யார், என்ன சாதி என்று தெரியாத நிலையில் அந்த உடம்பை யார் தொடுவார்கள்? இன்றைய துப்பறியும் கதையில் போலீஸ்காரர் கையுறை போட்டுக்கொண்டு குனிவார். 1748இல் நாலு சேவகர் நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, தொடக்கூடிய ஆளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஆள் வந்து சேரும் வரைக்கும் தடயம் மண்ணில் கிடக்கும். உங்களுக்கு வேண்டிய தாமதத்தையும் சந்தேகத்தையும் அந்தக் காலமே கொடுத்துவிடுகிறது.

இதையெல்லாம் மனசில் வைத்து அந்த இடத்தை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“தெண்டன் ஐயா. வில்லியனூர் வாசலண்டை ஒரு ஆள் விழுந்து கிடக்கிறான். வாசல் சாத்தி இரண்டு நாழிகை இருக்கும்.”

“உசிர் இருக்கிறதா?”

“இல்லை ஐயா.”

“நயினாருக்குச் சொன்னீரா?”

“சொன்னேன். சாவடிக்குத் தூக்கலாமா, விடியட்டுமா என்று தங்களைக் கேட்டுவரச் சொன்னார். மடியில் ஓலை இருக்கிறாற்போலத் தெரிகிறது. ஒருத்தரும் கிட்டே போகவில்லை.”

“எந்தத் தெருக்காரன்?”

“அதுதான் தெரியவில்லை ஐயா. செருப்புப் போட்டிருக்கிறான்.”

இதில் அகராதி பார்க்க வேண்டிய வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. நயினார் என்றால் ஊர்க்காவலின் தலைவர் என்று அடுத்த பக்கத்தில் வாசகருக்குத் தானாகவே விளங்கிவிடும். கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்கள். செருப்பு, பல்லக்கு, குடை, கையில் பூண் போட்ட பிரம்பு எல்லாம் அன்றைக்கு வெறும் சாமான் இல்லை, உரிமை. எந்தத் தெருவில் யார் பல்லக்கில் போகலாம், யார் செருப்போடு நடக்கலாம் என்று வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிப் பிரிவுகளும் சண்டை போட்டுக்கொண்ட காலம். ரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதைகளில் கவர்னர் மாளிகைக்குள் செருப்போடு போகும் உரிமையும் ஒன்று என்று சொல்வார்கள். ஆகவே ஊர் பேர் தெரியாத பிணத்தின் காலில் செருப்பு இருந்தால் சேவகன் அதைத்தான் முதலில் கவனிப்பான், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வான்.

நீர் என்ற சொல்லையும் கவனித்திருப்பீர்கள். நீ, நீர், நீங்கள், தாங்கள், தேவரீர். இன்றைய தமிழில் ‘நீர்’ பெரும்பாலான ஊர்களில் போய்விட்டது. அதனாலேயே அது உங்களுக்கு அருமையான கருவி. பேச்சுக்குப் பழைய வாசனை வர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. வார்த்தைகளைப் புழுதி தட்டி எடுத்துவர வேண்டாம், மரியாதைப் படியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும். துபாசி தன் கணக்கப்பிள்ளையை ‘நீர்’ என்பார். கோபம் வந்தால் ‘நீ’ ஆகிவிடும். அவமானப்பட்டவன் அந்த ஒரு எழுத்தை ஆயுசு முழுக்க மறக்க மாட்டான். கொலைக்குக் காரணம்கூட அதுவாக இருக்கலாம்.

சொற்களில் இன்னொரு கண்ணி, இன்றைக்கும் இருக்கிற, ஆனால் அர்த்தம் நகர்ந்துபோன வார்த்தைகள். வக்கீல் என்றால் அன்றைக்கு ஒரு ராஜாவோ நவாபோ தன் சார்பில் பேச அனுப்பும் ஆள். கறுப்புக் கோட்டு வக்கீல் பின்னால் வந்தவர். கச்சேரி என்றால் காரியம் பார்க்கும் இடம். ‘கச்சேரிக்குப் போனார்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் மிருதங்கத்தை நினைத்துக்கொள்வார். அதனால் அந்த வாக்கியத்திலேயே கணக்குச் சுவடியோ காத்திருக்கும் ஜனமோ ஒன்று இருக்க வேண்டும். சென்னையை அவர்கள் சென்னப்பட்டணம் என்பார்கள். ஆங்கிலேயருடைய இன்னொரு கோட்டை கூடலூரை ஒட்டித் தேவனாம்பட்டணத்தில் இருந்தது. மேசை, சாவி, அலமாரி, சன்னல், பீப்பாய், ஏலம், பாதிரி போன்ற போர்ச்சுகீசு வழிச் சொற்கள் அதற்குள் தமிழில் வந்துவிட்டவை. அவற்றைப் பயப்படாமல் உபயோகிக்கலாம்.

அகராதி விஷயத்தில் என் பழக்கம் இது. ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்து லெக்சிகன். 1924 முதல் 1936 வரை வந்தது, பின்னால் ஒரு அனுபந்தமும் உண்டு. அதில் பொருளோடு அது எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த நூலில் வந்தது என்பதும் இருக்கும். பிறகு ஃபப்ரிசியஸ் அகராதி, வேப்பேரியில் 1779இல் அச்சானது, உங்கள் கதைக்கு 31 வருஷம்தான் பிந்தியது. அதில் இருக்கிற சொல் உங்கள் பாத்திரத்தின் காதில் விழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதில் இல்லாமல் வின்சுலோவின் 1862 அகராதியில் மட்டும் இருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கென்றே லத்தீனில் ஒரு இலக்கணம் எழுதினார், கொடுந்தமிழ் இலக்கணம். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. உங்கள் கொலைக்கு 10 வருஷம் முன்னால், புதுச்சேரிக்குத் தெற்கே அதே கடற்கரையில். ஜனங்கள் வினைச்சொல்லை எப்படி வாயில் போட்டு உருட்டினார்கள் என்று வெளியூர்க்காரர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்தது. இப்படி ஒன்று தமிழுக்கு இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

வீரமாமுனிவர் பேச்சு வந்ததால் உங்கள் ஓலையைப் பற்றி. துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. அன்றைக்கு ஓலையில் எழுதியது இன்றைய அச்சு மாதிரி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடம் விட மாட்டார்கள். கமா, முற்றுப்புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் எழுத்தில் ஒரே மாதிரி. அவற்றைப் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் செய்த மாற்றம் எல்லோர் கைக்கும் உடனே வந்துவிடவில்லை. ஆகவே ஓலையில் ‘கொல’ என்று இரண்டு எழுத்து இருந்தால் அது கொல் என்றும் இருக்கலாம், கோல் என்றும் இருக்கலாம். முன்பின் வாக்கியத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முன்பின் வாக்கியம் உள்ள ஓலை நறுக்கு உடைந்து போயிருந்தால்? ‘தெண்டன், அவர் கோலைக் கேட்டு வாங்கவும்’ என்று ஒரு கணக்கப்பிள்ளை படித்ததை இன்னொருவர் வேறு மாதிரி படிப்பார். இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். உங்கள் பகுதியில் நாயகன் ஓலையை விரித்ததும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறான். அவனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தடுமாறவிடுங்கள், பின்னுக்குப் போய் மறுபடி சேர்த்துப் படிக்கட்டும். பழக்கப்பட்டவர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள்.

கடிதத்தின் தேதிக்கு வருகிறேன். நீங்கள் கண்டிப்பாகத் திருத்த வேண்டியது இதுதான். தேவனாம்பட்டணத்து ஆங்கிலேயன் ஆகஸ்டு 20 என்று போட்டு எழுதிய கடிதம், புதுச்சேரியில் ஆகஸ்டு 22 அன்று சிக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1752 செப்டம்பர் வரைக்கும் ஆங்கிலேயர் பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியனில். வித்தியாசம் 11 நாள். தேவனாம்பட்டணத்தில் ஆகஸ்டு 20 என்றால் புதுச்சேரியில் அதே பகலில் ஆகஸ்டு 31. உங்கள் கடிதம் எழுதப்படுவதற்கு 9 நாள் முன்னாலேயே சிக்கிவிடுகிறது. இதே காரணத்தால்தான் சென்னப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த நாளை ஒரு புத்தகத்தில் 1746 செப்டம்பர் 10 என்றும் இன்னொன்றில் செப்டம்பர் 21 என்றும் பார்ப்பீர்கள். கிழமை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே. துபாசி நாவலின் நாயகனாக இருப்பதால் இதை அவனுக்குத் தெரிந்த விஷயமாக வையுங்கள். பொய்க் கடிதம் தயார் செய்தவன் பிரெஞ்சுத் தேதியைப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளலாம். நாயகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு காட்சி போதும்.

தமிழ் மாதமும் இன்றைய நாட்காட்டிக்கு ஒட்டாது. இப்போது சித்திரை 1 ஏப்ரல் 14இல் வருகிறது. நம் சூரிய வருஷம் கிரிகோரியன் வருஷத்தைவிட இம்மி நீளம், அது சேர்ந்து சேர்ந்து 250 வருஷத்தில் 4 நாளாகிறது. 1748இல் வருஷப் பிறப்பு ஏப்ரல் 9, 10 வாக்கில். ஆகவே புதுச்சேரியின் ஆகஸ்டு 31 என்பது ஆவணி மத்தியைத் தாண்டிய நாள். அன்றைக்கு அமாவாசையா பௌர்ணமியா என்று கணக்குப் போட்டுவிட்டே ராத்திரிக் காட்சியை எழுதுங்கள். நிலா இருந்தால் தீவட்டிக்காரன் வேண்டாம். இருட்டாக இருந்தால் அவன் வேண்டும், அப்படியென்றால் கொலையைப் பார்த்த இன்னொரு ஆள் வந்துவிட்டான்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வில்லன் தீக்குச்சி கிழிக்கிறான். உரசினால் பற்றும் தீக்குச்சி 1820களில்தான் உலகத்திலேயே வந்தது. சக்கிமுக்கிக் கல் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்க வேண்டும். விளக்கெண்ணெய், இலுப்பெண்ணெய் விளக்கு வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகாது, மண்ணெண்ணெய் இல்லை. உருளைக்கிழங்கு, தக்காளி அவன் சாப்பாட்டில் வேண்டாம். மிளகாய் வந்தாயிற்று. பிரெஞ்சுக்காரன் காப்பி குடிக்கலாம், துபாசி வீட்டுத் தாழ்வாரத்தில் டபரா டம்ளர் கூடாது.

ஊரைப் பற்றி நானே தவறிய ஒரு இடம் உண்டு. முதல் தடவை எழுத உட்காரும் முன் புதுச்சேரிக்குப் போய், கடற்கரைப் பக்கத்து வீதிகளில் மூன்று நாள் நடந்து, மஞ்சள் சுவர், வளைவு வாசல், போகன்வில்லா என்று ஒரு நோட்டு நிரப்பிக்கொண்டு வந்தேன். பிற்பாடுதான் புரிந்தது. 1761 ஜனவரியில் ஊர் விழுந்ததும் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு நாம் பார்த்து மயங்கும் வீடுகள் அதற்குப் பின்னால் எழுந்தவை. துய்ப்ளெக்ஸ் நடந்த மாளிகை கிடையாது. அவர் காலத்துக் கோட்டை இருந்த இடத்தில் இப்போது பாரதி பூங்கா. வேதபுரீசுவரர் கோவிலை உங்கள் முற்றுகையின் நடுவே, 1748 செப்டம்பரில் இடித்தார்கள், இன்றைய கோவில் வேறு இடத்தில் பின்னால் கட்டியது. மிஞ்சியது என்ன? தெருக்கோடுகள். 1693 முதல் 1699 வரை ஊர் உலாந்தாக்காரர் (டச்சுக்காரர்) கையில் இருந்தபோது அவர்கள் வரைந்த நேர்கோட்டுத் தெருத் திட்டம் இன்றைக்கும் அடியில் இருக்கிறது. ரங்கப் பிள்ளை வீதியில் அவர் வீடு இருக்கிறது. அதன் முற்றத்து மரத்தூண்களையும் மாடியில் இருக்கும் ஐரோப்பியத் தூண்களையும் சேர்த்துப் பார்த்தால் துபாசி என்றால் யார் என்று ஒரு நொடியில் விளங்கும். அந்த நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. காற்றும் உப்பும் சூரியன் எழும் திசையும் மாறவில்லை, அந்தப் பக்கங்கள் உதவின.

கடலும் உதவும். அங்கே கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வருவது சலங்கில். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது, அலை அடித்தால் உடையாமல் நெளியும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் தங்கள் மொழியில் பெயர் தேடாமல் தமிழ்ப் பெயரையே ‘ஷெலேங்கு’ என்று எடுத்துக்கொண்டார்கள். கவர்னராகவே இருந்தாலும் கரையில் கால் வைக்கும் வரைக்கும் அவர் உயிர் படகோட்டிகள் கையில்தான். ஊருக்குள் யார் வந்தார், யார் போனார், எந்தப் பெட்டி கனமாக இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் துப்பறிவாளன் அவர்களிடம் இன்னும் போகவே இல்லை.

பணத்தில் ஜாக்கிரதை. வராகன், பணம், காசு, ரூபாய் எல்லாம் ஒரே சமயத்தில் புழங்கின. சென்னப்பட்டணத்தில் 36 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். புதுச்சேரிப் பணத்தின் கணக்கு வேறு. அதனால்தான் ஊருக்கு ஊர் சராப்பு உட்கார்ந்து வட்டம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தான். செத்தவன் மடியில் சென்னப்பட்டணத்துப் பணம் இருந்தால் அதுவே ஒரு தடயம்.

ரங்கப் பிள்ளையை மட்டும் நம்பினால் ஒரு குறை வரும். அவர் பணக்காரர், பதவியில் இருந்தவர், தன் எதிரிகளைப் பற்றி எழுதும்போது நிதானம் தவறுகிறவர். துய்ப்ளெக்சின் மனைவி ழான் அம்மாளைப் பற்றி அவர் எழுதியதில் பகை கொட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். வெள்ளைக்கார அம்மாளுக்கு விளங்காது என்று அவர் எதிரில் தமிழில் ரகசியம் பேசும் உங்கள் இரண்டு ஆட்களை அங்கேயே பிடித்துவிடலாம். நெசவாளர், வண்ணார், படகோட்டி, அடிமைகள், பெண்கள் பேசுவது நாட்குறிப்பில் அவர் காது வழியாகத்தான் வருகிறது. 1743ஆம் வருஷக் குறிப்புகளில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலுக்கு அடிமையாக விற்ற சேதி வருகிறது. பிடிபட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், அது நாவலாசிரியர் வேலை.

அவர்கள் பக்கம் போக இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று, புதுச்சேரிச் சாவடித் தீர்ப்புகள். 1766 முதல் 1817 வரை உள்ளவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரெஞ்சில் வெளியிட்டிருக்கிறது. பாகப்பிரிவினை, கடன், சீதனம், வீட்டுச் சுவர்த் தகராறு என்று சாதாரண ஜனங்களின் வழக்குகள். உங்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் பிந்தியது, ஆனாலும் ஜனங்கள் எதற்காக ஒருவர் மேல் ஒருவர் ஆத்திரப்பட்டார்கள் என்று அதில் பார்க்கலாம். இன்னொன்று உங்களுக்காகவே எழுதிவைத்த மாதிரி: இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பு, 1778 முதல் 1792 வரை. அவர் புதுச்சேரியின் நயினார். ஊர்க்காவல் தலைவர் ஒருவர் தமிழில் தன் கையால் எழுதிய நாட்குறிப்பு கிடைக்கும்போது, துப்பறியும் நாவல் எழுதுகிறவர் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. ஆங்கிலேயர் பக்கத்துக்கு, தேவனாம்பட்டணத்துக் கோட்டையின் ஆலோசனைப் பதிவுகள் அச்சில் உள்ளன. அதில் வரும் தேதிக்கெல்லாம் 11 கூட்டிக்கொள்ளுங்கள்.

சாதிப் பெயர்களையும் வசைகளையும் எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தீர்கள். மூலத்தில் அவை கூசாமல் வருகின்றன. பாத்திரம் பேசும்போது அது பேசட்டும், அந்தக் கொடுமையை மெழுகிவிட்டால் அந்த ஊரைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். கதை சொல்லும் குரல் உங்களுடையது, அது இன்றைய மனுஷர் குரலாகவே இருக்கட்டும். வசை வாங்கியவன் முகத்தை அடுத்த வரியில் காட்டுங்கள்.

கதை சொல்லும் தமிழைப் பற்றியும் என் அபிப்பிராயம் அதுவே. வருணனையை எல்லாம் 18ஆம் நூற்றாண்டு நடையில் எழுத முயல வேண்டாம். 20 பக்கத்தில் வாசகர் களைத்துவிடுவார், நீங்களும் களைத்துவிடுவீர்கள். தெளிவான இன்றைய தமிழில் சொல்லுங்கள், ஆனால் 1748க்குப் பின்னால் வந்த உவமையை உள்ளே விடாதீர்கள். ‘மின்சாரம் பாய்ந்தது போல’, ‘ரயில் மாதிரி’, ‘மூளைக்குள் மணி அடித்தது’ இவையெல்லாம் நம்மை அறியாமல் நுழைகிறவை. அவர்கள் உவமை நீலச்சாயத் தொட்டியிலிருந்தும், துணிப் பொதியிலிருந்தும், அலையிலிருந்தும், ஜாதகத்திலிருந்தும் வரட்டும். நான் ஒரு அத்தியாயம் தொடங்கும் முன் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதுவேன், வாய்விட்டுப் படிப்பேன். ‘அவர் இன்னது சொன்னார், அதற்கு நான் சொன்னது என்னவென்றால்’ என்று மூச்சு விடாமல் போகும் அந்த ஓட்டம் காதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத்தான் என் வரியை எழுதுவேன்.

முற்றுகையைத் தூக்கவைத்ததில் ஐப்பசி மழைக்குப் பெரும் பங்கு உண்டு. அக்டோபரில் வாடை பிடித்துக்கொண்டது, பாசறையில் நோய் பரவியது, ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போனார். உங்கள் பகுதியில் இதுவரைக்கும் மழையே இல்லை. பிணம் வில்லியனூர் வாசலில் கிடக்கும் நாளைக் கொஞ்சம் தள்ளிப் புரட்டாசிக் கடைசியில் வைக்க முடியுமா என்று பாருங்கள். அப்போது அந்தச் செருப்பு ஈர மண்ணில் பதிந்த தடம் விடியும் முன் கரைந்துவிடும் என்ற பயம் நயினாருக்கு இருக்கும். அதற்கு முன்னால், அந்தக் கடிதத்தின் தேதியை மாற்றிவிடுங்கள்.